நெல் ஊரில் வெங்காயப் பாத்தி: முரசுமோட்டை வளவுகளை முன்வைத்து

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், பரந்தனைத் தாண்டியதும் வரும் ஊர் முரசுமோட்டை. கண்டாவளைப் பிரதேசத்தில், இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். இங்கே வருடத்தின் கணக்கு காலபோகம், சிறுபோகம் என்றே ஓடும். சோற்றுக்கு அரிசி சொந்த வயலில் இருந்து வருகிறது. அந்தச் சோற்றுக்கான சம்பலுக்கும் சொதிக்கும் தாளிதத்துக்கும் வேண்டிய சின்ன வெங்காயம் பெரும்பாலும் கடையில் இருந்துதான் வருகிறது.

களிப்பாங்கான வயல் மண்ணும் மாரி வெள்ளமும் உள்ள இந்த ஊரில், வீட்டு வளவில் சின்ன வெங்காயம் செய்வது பொருத்தமா? பொருத்தமென்றால் குமிழுக்காகச் செய்வதா, தாளுக்காகச் செய்வதா? விதை வெங்காயத்தை எங்கிருந்து எடுப்பது, எப்படிக் காப்பது? வெங்காயம் யாழ்ப்பாணச் செம்மண்ணின் பயிர், வன்னிக்கு நெல்லும் உழுந்தும் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதை வரலாறு, பயிரின் இயல்பு, மண், நீர், விதை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வெங்காயம் வன்னிக்கு வந்த வழி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் புகையிலை, மிளகாய், மரக்கறி என்பவற்றோடு மாறி மாறி நடப்பட்டு வந்த பயிர் சின்ன வெங்காயம். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, இந்தச் செய்கை வடக்கில் என்றுமில்லாத அளவுக்குப் பெருகியது. நிலம் போதாமல் போனது. அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாண இளைஞர் பலர் வன்னிக்கு வந்தார்கள். முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் அமைந்த படித்த வாலிபர் திட்டங்களில் மேட்டுக்காணிகளுக்கு நீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் செய்தார்கள். முரசுமோட்டையில் இருந்து அதே வீதியில் கிழக்கே போனால் விசுவமடு. ஆகவே வன்னிக்கு வெங்காயம் புதியது என்று சொல்வதற்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. விலை சரிந்து பலர் பின்வாங்கினார்கள். பிறகு போர் வந்தது. 2009 ஜனவரியின் முதல் நாட்களில் பரந்தனும் கிளிநொச்சியும் படையினர் வசமாயின. அதற்கு முன்னரே சுற்றியிருந்த ஊர்களின் சனம் வீடு வளவை விட்டுக் கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டது. மீள்குடியேற்றம் தொடங்கும்வரை அவர்கள் காணியில் எதுவும் நடப்படவில்லை.

நெல்லை இழந்தவருக்கு அடுத்த மாவட்டத்தில் இருந்து விதைநெல் கொண்டுவரலாம். நன்றாகக் காய்ந்த நெல் அடுத்த போகம் வரை முளைதிறனோடு கிடக்கும். வெங்காயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. விதை வெங்காயம் உயிருள்ள குமிழ். சில மாதங்களுக்குள் நட்டாக வேண்டும். நடாவிட்டால் முளைத்து வற்றும், அல்லது அழுகும். ஒரு வீடு ஒரு வருடம் நடாமல் விட்டால் அந்த வீட்டின் விதை போயிற்று. ஊரே இடம்பெயர்ந்தால் ஊரின் விதையே போயிற்று. வன்னியில் பல வளவுகளில் வெங்காயப் பாத்தி மறைந்ததற்கு மண்ணைக் குறை சொல்வதைவிட, இந்தத் தொடர் அறுந்ததைக் காரணமாகச் சொல்வதே நியாயம்.

பயிரின் இயல்பு

சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்தின் சிறு குட்டி அல்ல. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்றாலும், சின்ன வெங்காயம் கொத்தாகப் பெருகும் வகை. ஒரு குமிழை நட்டால் அதன் அடித்தட்டில் உள்ள மொட்டுகள் பிரிந்து பல குமிழ்களாகும். 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால் 60 முதல் 75 நாட்களில் கிளப்பலாம். தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் கணக்கு ஹெக்ரேயருக்கு சுமார் 1,500 கிலோ விதை வெங்காயம். எதிர்பார்க்கும் விளைச்சல் 12 முதல் 16 தொன். அதாவது நட்டதற்கு எட்டு, பத்து மடங்கு.

இதை வளவின் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள பாத்தியில் ஏறத்தாழ 300 குமிழ்கள் நடலாம். சிறு குமிழ்களாகப் பொறுக்கினால் ஒன்று, ஒன்றரைக் கிலோ விதை போதும். மேலே சொன்ன ஹெக்ரேயர் விளைச்சலை இந்தப் பரப்புக்குச் சுருக்கினால், பராமரிப்புச் சரியாக இருக்கும்போது நான்கு, ஐந்து கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

குமிழ் உருவாவதைத் தீர்மானிப்பவை பகலின் நீளமும் வெப்பமும். ஐரோப்பாவின் பல வெங்காய இனங்களுக்கு 14 முதல் 16 மணி நேரப் பகல் தேவை. அவற்றை இங்கே நட்டால் தாள் மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும், குமிழ் கட்டாது. முரசுமோட்டை வட அகலாங்கு 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரம் சொச்சம்தான். யாழ்ப்பாணத்து உள்ளூர் இனங்களும் தமிழ்நாட்டு இனங்களும் இந்தக் குறும்பகலிலேயே குமிழ் கட்டுபவை. ஆகவே இங்கே பகலின் நீளம் தடையே இல்லை. தடையாக வருவது நீர்: மாரியில் மிதமிஞ்சிய நீர், கோடையின் பிற்பகுதியில் போதாத நீர்.

களிமண்ணும் வெள்ளமும் உப்பும்

வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது. மேல்மண்ணின் ஒரு அடிக்குள்ளேயே பெரும்பகுதி வேர் நின்றுவிடும். அதனால் அது நீர் தேங்குவதையும் தாங்காது, காய்வதையும் தாங்காது. முரசுமோட்டையின் வயற்பக்க மண் நீரைப் பிடித்து வைக்கும். நெல்லுக்கு அது வரம், வெங்காயத்துக்கு அது ஆபத்து. 2018 டிசம்பரில் பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கண்டாவளைப் பகுதியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படியான மாரியில் தரை மட்டத்தில் நட்ட வெங்காயம் இரண்டு நாளில் அழுகிவிடும்.

ஆனால் நெல் மண்ணில் சின்ன வெங்காயம் வராது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரக் கூடாது. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் பிரெபெஸ் என்ற மாவட்டம் அந்த நாட்டின் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே அது விளைவது நெல் அறுத்த களிமண் வயலில்தான். வயலில் ஆழமான கான்களை வெட்டி, அந்த மண்ணை இரு பக்கமும் அள்ளிப் போட்டு உயர்ந்த பாத்திகளாக்குகிறார்கள். மிகையான நீர் கானில் இறங்கிவிடும். தேவைப்படும்போது அதே கானில் இருந்து பாத்திக்கு நீரை அள்ளி வீசுவார்கள். வெங்காயத்துக்குப் பிறகு மறுபடி நெல். வயலில் நீர் கட்டி நிற்கும் காலம், வெங்காயத்தைத் தாக்கும் மண்வழி நோய்களையும் அடக்கி வைக்கிறது. இலங்கையிலேயே தம்புள்ளைப் பகுதியில் சிறுபோகத்தில் நெல்வயல்களில் பெரிய வெங்காயம் செய்கிறார்கள்.

மறுகோடியில் மணல் நிலங்கள் உண்டு. நம் கற்பிட்டி மணற்பரப்பில் சின்ன வெங்காயம் பெருமளவில் விளைகிறது. மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டில், கடலுக்கும் கேற்றா களப்புக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டில் உள்ள அன்லோகா ஊரவர்கள், சிறு பாத்திகளுக்கு மீன் எருவும் சாணமும் இட்டு, கிணற்று நீரைக் கையால் ஊற்றியே தலைமுறைகளாகச் சின்ன வெங்காயம் செய்து வந்திருக்கிறார்கள். செம்மண், களி, மணல் ஆகிய மூன்றிலும் இந்தப் பயிர் வந்திருக்கிறது. மண்ணின் வகையைவிடப் பாத்தியின் அமைப்பும் எருவும் நீரை நடத்தும் விதமுமே விளைச்சலைத் தீர்மானித்திருக்கின்றன.

முரசுமோட்டையில் இதைச் செய்யத் தேவையானவை ஊரிலேயே கிடக்கின்றன. வளவின் மேடான இடத்தில் ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி, நன்றாக மக்கிய மாட்டெருவும் உமிக்கரியும் கலந்தால் களி இளகும். நட்டபின் மேலே வைக்கோலை மெல்லிதாகப் பரப்பினால் மண் இறுகி வெடிக்காது, ஈரமும் காக்கும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டாவளைப் பிரதேசம் வடக்கே களப்பை நோக்கிச் சரியும் நிலம். களப்போரக் காணிகளில் கோடையில் உவர் ஏறும். வெங்காயம் உவரை மிகக் குறைவாகவே தாங்கும் பயிர்களில் ஒன்று. நெல் தாங்கும் அளவைக்கூட அது தாங்காது. குடிக்க உவர்ப்பாக இருக்கும் கிணற்று நீரை வெங்காயத்துக்கு விடக் கூடாது. அப்படியான வளவில் மாரி நீர் உப்பைக் கழுவி இறக்கிய தை மாதமே நடுகைக்கு ஏற்றது. கோடை நடுகையை விட்டுவிடலாம்.

நீரின் கணக்கில் வெங்காயத்துக்குச் சாதகமான பக்கமும் உண்டு. ஒரு போக வெங்காயத்துக்கு 350 முதல் 550 மில்லிமீற்றர் வரை நீர் போதும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நெல்லுக்கு இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும். குளத்து நீரின் அளவைப் பார்த்துச் சிறுபோக ஏக்கரைப் பங்கிடும் ஊரில், பங்கு கிடைக்காத குடும்பத்துக்கு வளவுக் கிணற்று நீரில் இரண்டு பாத்தி வெங்காயம் முடியாத காரியமல்ல.

குமிழா, தாளா?

வெங்காயக் குமிழின் ஒவ்வொரு சதைப் படையும் ஒரு தாளின் அடிப்பகுதி. மேலே பச்சையாக நிற்கும் தாள் வெயிலில் ஆக்கும் உணவு, கீழே அதன் அடியில் சேர்கிறது. ஆகவே தாளை வெட்டும் ஒவ்வொரு முறையும் குமிழில் இருந்து கடன் எடுக்கிறோம். ஒரே பாத்தியில் வாராவாரம் தாளும் வெட்டி, முடிவில் நல்ல குமிழும் எடுக்க நினைப்பவர்களுக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். குமிழுக்கு நட்டதில் கை வைக்காமல், தாளுக்கென்று தனியே நடுவதே சரியான வழி.

இந்தப் பிரிவினைக்கு நம் பருவமே வழி காட்டுகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் குமிழ் முற்றுவது கடினம், முற்றினாலும் காய வைக்க வெயில் இல்லை. ஆனால் தாள் செழித்து வளரும். கடையில் வெங்காய விலை ஏறும் காலமும் பெரும்பாலும் இதுதான். எனவே மாரியில் தாள். சமையலறையில் முளைக்கத் தொடங்கிய வெங்காயம், மிகச் சிறிய குமிழ், விதைக்கு உதவாதென்று ஒதுக்கியது எல்லாவற்றையும் இதற்குப் பயன்படுத்தலாம். 5 சென்ரிமீற்றர் நெருக்கத்தில், பழைய உரப்பையிலோ உடைந்த வாளியிலோ, நீர் வடிய ஓட்டை போட்டு, கூரைச் சரிவின் கீழ் அடைமழை நேரே விழாத ஆனால் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் போதும். மூன்று, நான்கு வாரத்தில் முதல் வெட்டு. அடியில் இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டினால் மறுபடி தளிர்க்கும். இரண்டு, மூன்று வெட்டுக்குப் பிறகு குமிழ் களைத்துவிடும்; அதைப் பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டும்.

தாளின் மதிப்பைக் குறைத்து எண்ணுகிறோம். தேங்காய்ப்பூப் போட்டு வறையாகவும், முட்டையோடு பொரித்தும், பருப்போடு சேர்த்தும் உண்ணக்கூடிய நல்ல கீரை அது. உயிர்ச்சத்து சி, கரோட்டின் போன்றவை குமிழைவிடப் பச்சைத் தாளில் கூடுதல். வயல் வேலை உச்சமாக இருந்து சந்தைக்குப் போக நேரமில்லாத மழை நாட்களில், கொல்லைப்புறத்தில் நிற்கும் ஒரு பிடி தாள் அந்த நேரக் கறியை நிறைவாக்கும்.

மழை ஓய்ந்து பனி விழும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் குமிழுக்கான நடுகை. நட்ட குமிழ் பங்குனி வெயிலில் முற்றிக் காயும். எருவை நடுகைக்கு முன்பே இட்டுவிட வேண்டும். யூரியாவைப் பிந்திப் போட்டால் தாள் கொழுத்து, கழுத்துத் தடித்து, குமிழ் களஞ்சியத்தில் நிற்காது. தாள் பாதிக்கு மேல் சாயத் தொடங்கும்போது, கிளப்புவதற்கு ஏறத்தாழ பத்து நாளுக்கு முன்னரே, நீரை நிறுத்த வேண்டும். கிளப்பியதை வெயிலில் அப்படியே பரப்பினால் குமிழ் வெந்துவிடும். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி அடுக்கி மூன்று, நான்கு நாள் உலர்த்துவது நம் தோட்டக்காரர் கண்ட முறை. பிறகு தாளோடு பிடியாகக் கட்டி, காற்றோட்டமான கொட்டிலில் கொடியில் தொங்கவிட வேண்டும். நிலத்தில் குவித்து வைத்தால் நடுக்குவியலில் அழுகல் தொடங்கும்.

விதை என்ற பெருங்கேள்வி

வெங்காயச் செய்கையின் செலவில் பெரும் பங்கு விதைக்கே போகிறது. விதை தேவைப்படும் நேரத்தில்தான் வெங்காய விலையும் உச்சத்தில் இருக்கும். இதற்கு மாற்றாகப் பூவில் இருந்து எடுக்கும் கறுப்பு விதையை நாற்றுவிட்டு நடும் முறை பல நாடுகளில் பரவி வருகிறது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001இல் வெளியிட்ட ‘கோ 5’ என்ற சின்ன வெங்காய இனம் பூத்து விதை தரும். ஹெக்ரேயருக்கு 1,500 கிலோ குமிழ் வேண்டிய இடத்தில் இரண்டரைக் கிலோ விதை போதும். இந்தோனேசியாவும் இதே வழியில் முயல்கிறது. கறுப்பு விதைக்கு இன்னொரு பலமும் உண்டு. குமிழ் வழியாகவே பெருக்கும் பயிரில் மஞ்சள் குட்டை நோய் வைரசு போன்றவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து விளைச்சலைத் தின்னும். விதை வழி அந்தச் சங்கிலியைப் பெரும்பாலும் அறுத்துவிடும்.

எதிர்ப்பக்கமும் கேட்கத் தக்கது. பிரான்சில் கையால் குமிழ் நட்டுச் சின்ன வெங்காயம் செய்யும் விவசாயிகள், விதையில் இருந்து வருவதைத் தங்கள் வெங்காயத்தின் பெயரில் விற்கக் கூடாது என்று நெடுங்காலம் வாதாடினார்கள். குமிழில் இருந்து வருவது தாயின் அச்சு; அதன் காரமும் நிறமும் மாறாது. விதையில் இருந்து வருவது சற்றே வேறுபடலாம். மேலும் நம் உள்ளூர் இனங்கள் இந்த வெப்பத்தில் இலகுவில் பூக்காது. குமிழைச் சில வாரங்கள் குளிரில் வைத்தே பூக்கவைக்க வேண்டும். அது வீட்டில் செய்யக்கூடிய வேலையல்ல.

இரண்டு வழிக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதே என் முடிவு. ஏக்கர் கணக்கில் செய்பவருக்குக் கறுப்பு விதை செலவைக் குறைக்கும். வளவில் இரண்டு பாத்தி செய்பவருக்குக் குமிழே போதும். நாற்றங்காலோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆனால் விதையைப் பொறுக்குவதில் கண்டிப்பு வேண்டும். தாள் முறுகிய, மஞ்சள் கோடு விழுந்த, வளர்ச்சி குன்றிய செடிகளைப் பாத்தியில் நிற்கும்போதே அடையாளமிட்டு, அவற்றைச் சமையலுக்கு ஒதுக்க வேண்டும். நோயற்ற கொத்தில் இருந்து நடுத்தர அளவுக் குமிழே விதை. பெரியதை விற்று, மிஞ்சிய நோஞ்சானை விதைக்கு வைக்கும் வழக்கமே பல வீடுகளில் விதையைக் கெடுத்தது. கிளப்பிய உடனே அந்தக் குமிழ் முளைக்காது. இரண்டு மாதமளவு உறங்க விட வேண்டும். பங்குனியில் கிளப்பியது அடுத்த தை வரை தாங்குவது கடினம் என்பதால், கிணற்று நீர் நன்றாக உள்ள ஒரு சில வீடுகள் இடையில் வைகாசி, ஆனியில் ஒரு சிறு நடுகை செய்து விதையைப் புதுப்பித்துக் கொடுத்தால் ஊர் முழுவதற்கும் விதை இருக்கும்.

நோயும் நஞ்சும்

சின்ன வெங்காயத்தின் முக்கிய எதிரிகள் நான்கு: மழையில் தாளை முறுக்கி வீழ்த்தும் பூஞ்சண நோய், ஊதாப்புள்ளி நோய், அடியழுகல், வெயிலில் தாளைச் சுரண்டி வெளிறவைக்கும் பனிப்பூச்சி. இவற்றோடு தாளுக்குள் புகுந்து தின்னும் படைப்புழுவும் உண்டு. வளவுப் பாத்தியில் இவற்றுக்கு முதல் மருந்து இடமாற்றம். ஒரே பாத்தியில் தொடர்ந்து வெங்காயம் நடாமல் இடையில் பயறோ கீரையோ போட வேண்டும். இரண்டாவது, மாலையில் தாள் நனைய நீர் ஊற்றாமல் காலையில் அடியில் ஊற்றுவது. மூன்றாவது, புழுவின் முட்டைக் கூட்டத்தையும் நோய்த் தாளையும் கையால் எடுத்து அழிப்பது. மூன்று மீற்றர் பாத்தியைத் தினமும் கண்ணால் பார்க்க முடியும். அதுவே சிறு செய்கையின் பலம். தாளைப் பச்சையாக உண்ணும் வீட்டில் பீடைநாசினி தெளிப்பது ஆகாது.

யாழ்ப்பாணத்தில் இருந்து இன்னொரு பாடமும் படிக்க வேண்டும். அங்கே தோட்டங்களில் அளவுமீறி இட்ட பசளை சுண்ணக்கல் வழியே நிலத்தடி நீரில் இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்கான எல்லையைத் தாண்டிவிட்டது. குடிக்கும் கிணற்றின் ஓரத்திலேயே பாத்தி போடும் நம் வளவுகளில் யூரியாவைக் கையால் அள்ளி வீசும் பழக்கம் வரக் கூடாது.

எண்ணிப் பார்த்தால்

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் வாங்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அறுவடைக் காலத்தில் சந்தையில் வெங்காயம் குவிந்து விலை விழும்போது வீட்டுப் பாத்தி காசாக எதையும் மிச்சப்படுத்தாது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கடந்த சில வருடங்களைப் பாருங்கள். 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் நிலை ஏற்பட்டது. 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்ய, இங்கே கடை விலை ஏறியது. ஒவ்வொரு முறையும் முதலில் அடி வாங்கியது சமையலறைதான்.

முரசுமோட்டையில் சின்ன வெங்காயம் வரும். பெருந்தோட்டமாக அல்ல, வளவில் உயர்த்திய இரண்டு பாத்தியாக, மாரியில் தாளுக்கு ஒன்று, தையில் குமிழுக்கும் விதைக்கும் ஒன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் அலுவலர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். நோயற்ற விதைக் குமிழைச் சிறு அளவில் பெருக்கி வீடுகளுக்குக் கொடுப்பதை அவர்கள் ஒரு திட்டமாக எடுக்க வேண்டும். ஊரவர் செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது: வருகிற தையில் ஒரு கிலோ நல்ல வெங்காயத்தைச் சட்டிக்குப் போகாமல் ஒதுக்கி நடுங்கள், கிளப்பும்போது ஒரு பிடியைப் பக்கத்து வளவுக்குக் கொடுங்கள். ஒரு வீட்டில் விதை அழிந்தாலும் மற்ற வீட்டில் அது இருக்கும்.